ஆறு பார்த்துச் சுமை ஏற்று

ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் நதிக்கரையில் நீர்மட்டம் காட்டும் கோபுரம் ஒன்று உண்டு. சரக்குப் படகோட்டிகளுக்கு அதுதான் பஞ்சாங்கம். குளிர்கால மழையில் மட்டம் 6.20 மீட்டரைத் தொட்டால் வேகம் குறைத்து நடு ஆற்றில்தான் போகவேண்டும். 8.30 மீட்டரானால் போக்குவரத்தே நின்றுவிடும்.

கோடை முடிந்து இலை உதிரும் காலத்தில் கவலை வேறு. 2018 அக்டோபரில் கொலோனுக்கு மேலே, ஆறு வரும் வழியில் உள்ள காவுப் என்ற ஊரின் அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அப்போதும் பல படகுகள் ஓடின, வழக்கமான சரக்கில் ஒரு பங்கை மட்டும் ஏற்றிக்கொண்டு. முழுச் சுமையில் தளத்தின் விளிம்புவரை அமிழ்ந்து செல்லும் படகு, பாரம் குறைந்ததும் உயர்ந்து மிதக்கும். பக்கவாட்டில் தீட்டிய ஆழக்குறிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். வரும்படி குறைந்தது, ஓட்டம் அடியோடு நிற்கவில்லை.

காலம் கைகொடுக்காதபோது நாம் செய்வது இரண்டே: பழைய பாரத்தோடு போய்த் தரைதட்டுவது, அல்லது கரையிலேயே உட்கார்ந்துவிடுவது. பாதிச் சுமையோடு புறப்படுவதும் பயணம்தான்.