தணிக்கையாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

ஆய்வகப் பொருள் வாங்கியதற்கான நான்கு பில்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் உள் தணிக்கைப் பிரிவுக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே கடையுடையவை. ஒவ்வொன்றின் தொகையும், விலைப்புள்ளி கேட்காமல் வாங்கலாம் என்ற வரம்புக்குச் சில நூறு ரூபாய் குறைவு. தேதிகளுக்கு இடையே வாரக்கணக்கில் இடைவெளி. பில் எண்கள் மட்டும் அடுத்தடுத்து வருகின்றன. அத்தனை வாரமும் அந்தக் கடை வேறு எவருக்கும் ஒரு சோதனைக்குழாய்கூட விற்கவில்லை என்று நம்பினால்தான் இந்தப் பில்களை நம்ப முடியும். மேலிட ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதலைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஓரளவு அனுபவமுள்ள உதவியாளர் ஒருவர் போதும். கண்டதைத் தணிக்கைத் தடையாக எழுதி, எழுதியதைத் திரும்பப் பெறாமல் நிற்பதுதான் கடினம்.

எழுதிய அறிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உட்படப் பல பல்கலைக்கழகங்களை உருவாக்கியது 2009-ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி நிர்வாகக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு மூன்றுக்கும் துணைவேந்தரே தலைவர். நிர்வாகத்தை நடத்துபவரே அதை மேற்பார்வையிடும் குழுக்களுக்கும் தலைமை தாங்குகிறார். அந்த நாற்காலியில் எவ்வளவு நேர்மையானவர் அமர்ந்தாலும், தன் ஒப்புதல் பற்றிய புகாரைத் தானே விசாரிக்கும் நிலை அவருக்கு வந்துவிடுகிறது. தணிக்கை அலுவலரின் பணி மதிப்பீடும் பதவி நீட்டிப்பும் அதே நிர்வாகத்தின் கையில் இருந்தால், நான்கு பில்களைப் பற்றிய குறிப்பு இறுதி அறிக்கை வரை உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த அச்சத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே முறையில்தான் நீக்க முடியும். பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ அவர் வேறு பதவி ஏற்கவும் கூடாது. அச்சம், ஆசை இரண்டின் வாசலையும் 148-ஆவது பிரிவு அடைத்துவிட்டது. தணிக்கையாளர் உத்தமராக இருப்பார் என்று நம்பி அவர்கள் விட்டுவிடவில்லை. பல்கலைக்கழகத்தின் உள் தணிக்கை அலுவலருக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் தராமல், மனசாட்சிப்படி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்வது அறமாகாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவரிடம் அன்றாடம் வீரத்தை எதிர்பார்ப்பது, பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வதுதான்.

வெளித்தணிக்கை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதே 2009 சட்டம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரோ அவர் அதிகாரமளித்தவர்களோ 15 மாத இடைவெளிக்கு மேற்படாமல் கணக்குகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது. அவர்கள் வந்து சேரும்போது பொருள் வாங்கி, பணம் பட்டுவாடா ஆகி, கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்றும் போயிருக்கலாம். உள்ளேயே இருப்பவர் முன்னதாகவே பார்க்கிறார். அதே நெருக்கம்தான் அவருடைய பலவீனமும்.

பல்கலைக்கழகத் தரப்பின் வாதத்தையும் எளிதில் ஒதுக்க முடியாது. ஆராய்ச்சி என்பது அலுவலக மேசை வாங்குவது போன்றதன்று. குறிப்பிட்ட வேதிப்பொருளைக் குறிப்பிட்ட நிறுவனம் மட்டுமே தயாரிக்கலாம். சோதனை பாதியில் நிற்கும்போது மூன்று விலைப்புள்ளிகளுக்குக் காத்திருக்க முடியாது. விதியை மட்டும் பார்த்து நோக்கத்தைப் பார்க்காத தணிக்கையால் நல்ல பேராசிரியர்கள் நிதித்திட்டமே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். பணப் பட்டியல்களை முன் தணிக்கைக்கு உட்படுத்தும் இடங்களில் இது இன்னும் மோசம். ஒரு கையெழுத்து குறைகிறது என்று ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோகும். கௌரவ விரிவுரையாளர், ஏற்கெனவே மெலிந்த ஊதியத்துக்காகத் தணிக்கைப் பிரிவின் வாசலில் நிற்பார். சுதந்திரம் கேட்கும் தணிக்கையாளர், அந்த வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

முன் தணிக்கையில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. பணம் போகுமுன் கையெழுத்திட்ட தணிக்கையாளர், அந்தச் செலவில் பங்காளியாகிவிடுகிறார். பின்னாளில் குறை தெரியவந்தால், ‘நீங்களே பார்த்து அனுப்பியதுதானே’ என்ற ஒரே கேள்வி அவர் வாயை அடைத்துவிடும். தான் பொறுப்பு வகித்த வேலையை ஓராண்டு கழியும் வரை தணிக்கை செய்யலாகாது என்பது உள் தணிக்கைத் தொழிலின் சர்வதேச நெறி. பட்டியல் சரிபார்ப்பு நிதி அலுவலரின் பிரிவுக்கே போக வேண்டும். உள் தணிக்கை விலகி நின்று, நடந்தது சரியா என்று கேட்கட்டும்.

கேட்காமல் விட்டால் யார் இழப்பார்கள்? 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்க, 2013-இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றி அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். நியமன உத்தரவில் அவர்கள் கையெழுத்திடவில்லை. ஊர்விட்டு ஊர் போனவர்கள் அவர்களே. பணம் தவறாகப் போகும்போது மாணவரும் கடைநிலை ஊழியரும் முடிவெடுக்கும் அறையில் இருப்பதில்லை. அவர்கள் சார்பில் அங்கே இருக்க வேண்டியவர் தணிக்கையாளர். அவருடைய விசுவாசம் அவர்களுக்கே உரியது, துணைவேந்தருக்கு அதற்குப் பிறகுதான்.

ஆகவே, ‘இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், அதை எழுத்தில் தரும்படி தணிக்கையாளர் கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. எழுத்தில் வராவிட்டால், சொன்னவரின் பதவியையும் தேதியையும் கோப்பில் தணிக்கையாளரே பதிவு செய்யலாம். அறிக்கையின் ஒரு பிரதி, துணைவேந்தரிடம் அனுப்பும் அதே நாளில், நிதிக் குழுவின் வெளி உறுப்பினர்களுக்கும் நேரடியாகப் போகும்படி விதி வேண்டும். பல மத்தியப் பல்கலைக்கழகங்களில் உள் தணிக்கை அலுவலர் அரசின் கணக்குத் துறைகளிலிருந்து அயற்பணியில் வருகிறார். திரும்பிப் போகத் தாய்த்துறை இருப்பதால் அவர் பேச முடிகிறது. நிரந்தர ஊழியராக உள்ளே வளர்ந்தவருக்கு அந்த வழி இல்லை. அவரை மாற்றவோ நீக்கவோ முழு நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்று வைத்தால், துணிவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். பதிலுக்கு அவரும் ஒன்று செய்ய வேண்டும்: நான்கு பில்களுக்குத் துறைத்தலைவர் தந்த விளக்கத்தை, தனக்கு ஒப்புதல் இல்லாவிட்டாலும், ஒரு சொல் குறைக்காமல் தன் குறிப்புக்குக் கீழே சேர்க்க வேண்டும்.