கல்லறையில்லாத மரித்தோர்



சூலூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, காணாமப் போனவனுக்குச் செத்தவங்க பூசை வெச்சா, உசுரோட இருக்கறவனைக் கொன்ன பாவம் வருமுங்களா?" என்று கேட்டார். அவர் வீட்டுக் காரியத்தை இங்கே எழுதேன். கேள்வி நம் எல்லாருக்கும் உரியது.

2016-ஆம் ஆண்டு ஜூலை 22 காலை 8.30-க்குத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் புறப்பட்ட ஏ.என்.32 இராணுவ விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் சூலூர்த் தளத்து 33-ஆம் படைப்பிரிவின் விமானம் அது. அதில் 29 பேர் இருந்தனர். 9.12-க்கு ராடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்காய் வங்கக் கடலில் தேடியும் ஒரு துண்டும் அகப்படவில்லை. செப்டம்பரில், அனைவரும் மரித்ததாகக் கொள்ள வேண்டுமென்று குடும்பங்களுக்கு அறிவித்தார்கள். 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரைக்கு 140 கடல் மைலில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளைத் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி படம் பிடித்த செய்தி வந்தது. ஏன் விழுந்ததென்பதை அப்படங்கள் சொல்லவில்லை.

இடைப்பட்ட ஏழரை ஆண்டுகள் ஒரு தாய் என்ன செய்வாள்? "வருவான்" என்பது விசுவாசம், "மரித்தான்" என்பது துரோகம் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கண்முன் இருக்கும் சான்றை மறுப்பது தேவ நம்பிக்கை ஆகாது. ஏதோ தீவில் இருக்கிறானாம் என்று கதை கொண்டுவருகிறவர்கள் ஆறிவரும் புண்ணைக் கீறுகிறார்கள். தாலியைக் கழற்றென்று மூன்றாம் மாதமே அவசரப்படுத்துகிறவர்களும் அப்படியே. (இவ்விரண்டையும் ஒரே வீட்டார் செய்யக் கண்டிருக்கிறேன்.)

நாட்டுச் சட்டம் ஏழாண்டு கணக்குச் சொல்லுகிறது. திருச்சபைச் சட்டமோ, எவ்வளவு நெடுங்காலம் காணாவிட்டாலும் அது மட்டும் போதாது என்கிறது. மேற்றிராணியார் விசாரித்து, மனச்சாட்சிக்குப் போதிய நிச்சயம் அடைந்த பின்பே, துணை இறந்ததாக அறிவிக்கலாம். ஆனால் இந்தக் கண்டிப்பு மறுமணத்துக்கு, செபத்துக்கு அல்ல. உடல் இல்லாமலே அடக்கப் பூசை வைக்கவும் திருச்சபை இடங்கொடுக்கிறது.

ஆகையால் அம்மூதாட்டிக்கு நான் சொன்னது: "பாவமில்லை, அம்மா. பூசை யாரையும் கொல்லாது. அவன் உயிரோடிருந்தால் அந்தச் செபம் வீணாகாது. சர்வேசுரனுக்கு விலாசம் தெரியும்." அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு பூசைக்குப் பெயர் எழுதித் தந்தார்.

நவம்பர் 2, மரித்த விசுவாசிகள் திருநாளுக்குப் பெயர்கள் கொடுக்கும்போது, கல்லறையில்லாதவர்களின் பெயர்களையும் கொடுங்கள். கோயில்பிள்ளையிடம் நோட்டு இருக்கிறது.