மாண்டவர்க்குரிய கடன்

கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க தேசங்களில் 2013-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றி 2016 வரை நீடித்த எபோலா நோய், 28,600-க்கும் மேற்பட்டோரைப் பீடித்து, அவர்களுள் 11,300-க்கும் அதிகமானோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அந்த ஆபத்தில் உலகம் நல்கிய உதவியை மதிப்பிடுவோர், படுக்கைகள் எத்தனை, வைத்தியர்கள் எத்தனை பேர், திரவியம் எவ்வளவு என்று கணக்கெடுக்கின்றனர். அக்கணக்கு அவசியமே, நோய் கைமீறிவிட்டதென்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜூன் மாதமே எச்சரித்திருந்தும், உலக சுகாதார நிறுவனம் 2014 ஆகஸ்டு 8 வரை சர்வதேச நெருக்கடியைப் பிரகடனம் செய்யாது தாமதித்த குற்றத்தை அது காட்டிக்கொடுக்கிறது. ஆனால் இறந்தவருக்கு நாம் செய்யவேண்டிய கடன் ஒன்று உண்டா, உயிரோடிருப்பவரின் க்ஷேமத்தோடு அது முரணும்போது எதை விடுவது என்னும் கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

எபோலாவால் மாண்டவரின் உடலில் நோய்க்கிருமி மிகுந்திருக்கும். அந்நாடுகளிலோ, உற்றார் தம் கையாலேயே உடலைக் கழுவித் தொட்டு விடைகொடுப்பது மரபு. முஸ்லிம்கள் குளிப்பாட்டிக் கபன் துணியால் போர்த்தி, ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடத்தியே அடக்கம் செய்வர். தொற்றைத் தடுக்க வந்தவர்கள் முதல் மாதங்களில், தலைமுதல் கால்வரை கவசமணிந்து வந்து, குளோரின் நீரைத் தெளித்து, உடலைப் பைக்குள் இட்டு எடுத்துச் சென்றனர். எங்கே புதைத்தார்களென்று அறியாத வீட்டார் பலர். லைபீரியாவின் மன்ரோவியா நகரில் உடல்களை எரித்துவிட உத்தரவாயிற்று. தகனத்தையே சம்ஸ்காரமாகக் கொண்ட நம்மில் பலருக்கு அதன் கொடுமை சட்டென்று விளங்காது. தகன வழக்கமே இல்லாத அம்மக்களோ நோயாளிகளை மறைத்தார்கள், இரகசியமாகப் புதைத்தார்கள், நோயும் பரவிற்று.

2014 நவம்பரில், கிறிஸ்தவ, இஸ்லாமியப் பெரியோரையும் மானிடவியல் அறிஞரையும் கலந்து, உலக சுகாதார நிறுவனம் புதிய அடக்கமுறையை வெளியிட்டது. குடும்பத்தாரின் சம்மதம், இமாம் அல்லது பாதிரியாரின் பிரார்த்தனை, கல்லறைக்கு அடையாளம், நீரால் கழுவுதற்குப் பதிலாகத் தயம்மும் என்னும் உலர்ந்த சுத்திகரிப்பு ஆகிய யாவற்றுக்கும் அதில் இடமிருந்தது.

மரியாதை காட்டியதால் தொற்றுக் குறைந்தது, ஆகவே மரியாதை நல்லது என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் எனக்கு உவப்பில்லை; மரியாதையை அது மருந்துப் பெட்டியின் ஓர் உபகரணமாக்கிவிடுகிறது. ஒரு தொற்றேனும் குறையாதிருந்தாலும் அம்மரியாதை அவர்களுக்கு உரியதே. தொடாதே என்று தாயைத் தடுத்தது நியாயம், ஏனெனில் தொட்டால் அவளும் மாள்வாள். ஆனால் மகனின் கல்லறை எங்கே என்பதை அவளுக்குச் சொல்லாதிருக்க எந்தக் கிருமியும் நம்மை நிர்ப்பந்திக்கவில்லை.

இந்த அளவுகோலால் நோக்கினால், முதல் மாதங்களின் உதவி தன் கடமையில் தவறியது. நவம்பருக்குப் பின் வந்தது தாமதித்துச் செய்த தர்மம். இனியொரு கொள்ளைநோயில் உதவியை மதிப்பிடச் செல்வோர், பதிவேட்டைத் திறக்குமுன், இழவு வீட்டாரிடம் சென்று, உங்கள் மனிதரை எங்கே அடக்கினார்களென்று தெரியுமா என முதலில் விசாரிப்பார்களாக.