இரு கதிர்குருவிகளும் சிற்றினம் என்னும் கேள்வியும்

சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர் ஆகிய இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கதிர்குருவிகள். வசந்தத்தில் ஐரோப்பியக் காடுகளில் கூடு கட்டுபவை. இரண்டுக்கும் நீளம் ஏறக்குறைய 11 செ.மீ.; முதுகு பசுமை கலந்த பழுப்பு, வயிறு வெளிறியது. சிஃப்சாஃபின் கால்கள் பெரும்பாலும் கருமை, சிறகு குட்டை. அவற்றுள் பல மத்தியதரைக் கடற்பகுதியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வில்லோ வார்ப்ளரின் கால்கள் பெரும்பாலும் வெளிறியவை. சகாராவைக் கடந்து வலசை போகும் அதற்குச் சிறகு சற்று நீளம்.

தோற்றம் மயக்கினாலும் பாட்டு மயக்குவதில்லை. சிஃப்சாஃப் இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வில்லோ வார்ப்ளரின் பாட்டு மேலே தொடங்கி இழைந்து கீழிறங்கும். இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், 1768இல், ஒன்றுபோல் தோன்றும் இவ்வகைக் குருவிகளுள், இவ்விரண்டையும் சேர்த்து, தனித்தனிக் குரல் கொண்ட மூன்று சிற்றினங்கள் இருப்பதைக் கண்டறிந்தார்.

ஒயிட் பிரித்த எல்லை இயற்கையில் உள்ளதா, மனிதர் இட்டதா? இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. பல பசுக்களிலும் பசுத்தன்மை என்னும் சாமானியம் (பொதுமை) மெய்யாகவே உறைகிறது, அது அழிவற்றது என்பது நியாய வைசேடிகர் கொள்கை. தனிப்பொருள்களே மெய், பொதுமை என்பது அல்லாதவற்றை விலக்கி அறிவு அமைத்துக்கொள்வது என்பது திக்நாகர் வழிவந்த பௌத்தரின் அபோக வாதம்.

குருவிகள் இரு தரப்பையும் சோதிக்கின்றன. ஆண் குருவி தன் இனப் பாட்டைக் கேட்டால் எல்லை காக்கப் பாய்கிறது. மற்றதன் பாட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆக, விலக்கும் வேலையைப் பறவையே செய்கிறது. மனிதர் பெயரிடும் முன்பே அந்த எல்லை இயங்குகிறது. எனினும் அது அழிவற்றதன்று. இவ்விரண்டும் அரிதாகக் கலந்து இனப்பெருக்கம் செய்வதுண்டு. நெடுங்காலம் சிஃப்சாஃபின் துணையினமாகக் கருதப்பட்ட ஐபீரிய சிஃப்சாஃப் இன்று தனிச் சிற்றினம். ஆயினும் பிரனீஸ் மலைகளின் மேற்குப் பகுதியில் சிஃப்சாஃபுடன் அது கலக்கிறது.

உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் சிற்றினத்தைத் தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க அளவில் விலகி நிற்கும் உயிர்க்கூட்டம் என வரையறுத்தார். இதன்படி சிற்றினம் பொருளுக்குள் உறையும் மாறாத் தன்மையுமன்று, வெறும் பெயருமன்று. உயிர்களுக்கிடையே நிகழும் உறவு. உறவு நிலைக்கும்வரை எல்லை மெய். உறவு மாறினால் எல்லையும் மாறும்.