கூலிக்கு ஊர் உண்டா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

டத்தோ கிராமாட் வட்டாரத்து நம்மவர்களில் கடை வைத்திருப்போரும் உண்டு, கடையில் சம்பளத்துக்கு இருப்போரும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இரு சாராருக்கும் உரியது. இங்கே ஒரு கடைக்குக் கணக்கு எழுதுபவர், வயோதிகத் தாயாரைக் கவனிக்க வேண்டிப் பாரிட் புந்தாருக்குக் குடிபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் அங்கிருந்தபடியே அதே கணக்கை முடித்து அனுப்புகிறார். முதலாளியோ, "அங்கே வாடகை மலிவு, சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார். இது ஆகுமா?

சர்க்காரே ஊர் பார்த்துக் கூலி வகுத்த காலம் உண்டு. 2013ல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி, சபா சரவாக்குக்கு 800 வெள்ளி. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராட்சி எல்லைக்குள் 1,200, வெளியே 1,100. நிபோங் திபாலில் வேலை செய்தவருக்கு ஒரு கணக்கு, சில மைல் தள்ளிப் பாரிட் புந்தாரில் வேறு கணக்கு! அரிசி விலை கிரியான் ஆற்றைத் தாண்டியதும் நூறு வெள்ளி இறங்கிவிட்டதா என்ன? 2022 மே முதல் அந்தக் கோடு படிப்படியாக அழிந்து, 2025 ஆகஸ்டில் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 என்றாயிற்று.

நிற்க. மார்க்கம் என்ன சொல்கிறது? ஃபிக்ஹு நூல்களில் 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்று ஒன்று உண்டு. அதாவது அந்த வேலைக்கு, அந்தக் காலத்தில், அந்த இடத்தில் வழங்கும் கூலி. ஆகவே இடத்தைப் பார்ப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. பாரிட் புந்தாரில் ஒருவரைப் புதிதாக அமர்த்தும்போது அவ்வூர் நியாயக் கூலியை வெளிப்படையாகப் பேசி முடித்தால் குற்றமில்லை. பட்டணவாசத்துக்கென்று தனிப்படி கொடுத்து, ஊர் மாறினால் அது நின்றுபோகும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும் சரியே.

ஆனால் பேசி முடித்த கூலியை நடுவில் அறுப்பது வேறு. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி அல்மாயிதா சூராவின் முதல் ஆயத்தே கட்டளையிடுகிறது. மூஸா நபி (அலை) மிஸ்ரை விட்டு ஓடி மத்யனுக்கு அகதியாக வந்தவர். போக்கிடமில்லாத அவரை எந்தக் கூலிக்கும் அமர்த்தியிருக்கலாம். அந்தப் பெரியவரோ எட்டு வருஷம் என்று தவணை சொல்லி, பத்தாக்குவது உமது விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றார். அதே மத்யனில்தான் ஷுஐப் நபி (அலை), மக்களுக்குரியதைக் குறைக்காதீர்கள் என்று எச்சரித்ததும்.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கம்ப்யூட்டர் முன் வியர்வை ஏது என்று கேட்கும் முதலாளிமாரும் நம்மில் உண்டு! அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: அவர் பாரிட் புந்தாரிலிருந்து எழுதிய கணக்கால் உங்கள் கடைக்கு லாபம் குறைந்ததா? வாடகையில் மிஞ்சியது அவர் தாயாரின் மருந்துக்கு ஆகட்டுமே. அதில் உங்களுக்குப் பங்கு எங்கிருந்து வந்தது?