எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா?



பருத்தித்துறைத் தெருக்களில் ஓடித் திரிந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கலியாண வீட்டுக்கும் அந்தக் கார்தான். நடுச்சாமத்தில் மந்திகை ஆசுப்பத்திரிக்கும் அந்தக் கார்தான். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையும் வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. ஆயினும் கார்கள் நின்றுவிடவில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் ஒரே புகை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதன் வழவழப்பைக் கெடுத்தது. கார் ஓடியது, ஆனால் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே ஓடியது. அது வழியில்லாக் காலத்து வழி. அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் உண்டு. பெற்றோல் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் டீசல் எஞ்சினைப் பூட்டுவது. நம் நாட்டில் டீசல் நெடுங்காலம் பெற்றோலைவிட மலிவாக இருந்தது. ஒரு லீற்றரில் கூடிய தூரமும் ஓடலாம். ஆகவே கப்பியும் சங்கிலியும் கட்டி, வீட்டு வளவிலேயே இந்த வேலையைச் செய்யத் துணிந்தவர்கள் உண்டு.

இரண்டு எஞ்சின்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன? பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்து அழுத்தப்பட்டபின் பிளக் ஒரு பொறியைக் கொடுக்கிறது. டீசல் எஞ்சினில் அப்படிப் பொறி இல்லை. காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் எஞ்சினும் பாரமாகச் செய்யப்படுகிறது.

ஆதலால் வேலை தெரிந்த மெக்கானிக் எஞ்சினை இறக்கிப் பூட்டியதோடு கையைக் கழுவிவிடமாட்டார். முன்பக்க ஸ்பிறிங் பாரத்தில் தாழ்ந்துபோகும்; அதைப் பலப்படுத்த வேண்டும். அதிர்வு கூடும், எஞ்சினைத் தாங்கும் இடங்களைத் திருத்த வேண்டும். பழைய கியர்பொக்ஸ் புதிய எஞ்சினோடு பொருந்த வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது பிறேக். சில கார்களில் பிறேக்குக்குத் துணைசெய்யும் உறிஞ்சல் பெற்றோல் எஞ்சினிலிருந்தே கிடைக்கிறது. டீசல் எஞ்சினில் அது போதாது. அதற்கெனத் தனிப் பம்பு பூட்ட வேண்டும். இதை மறந்தவனுடைய கார் வளவுக்குள் நன்றாகத்தான் ஓடும். நெல்லியடிச் சந்தியில் குறுக்கே ஒரு பிள்ளை வரும்போதுதான் குறை தெரியவரும்!

பிரியமானவர்களே, இத் தவக்காலத்தில் நாம் மனமாற்றத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுப் புதிய இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் வாக்களித்தார். இதயத்தை மாற்றுகிறவர் அவரே. ஆனால் ஸ்பிறிங்கும் பிறேக்கும் யார் பொறுப்பு?

தியானத்துக்குப் போன ஒரு குடும்பத் தலைவன் இனிக் குடிப்பதில்லை என்று கண்ணீரோடு வாக்குக் கொடுக்கிறான். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் வேலை முடிந்து அதே தவறணை வழியாகவே வீடு திரும்புகிறான். அதே கூட்டாளிகள், சம்பளக் காசும் அதே சட்டைப் பையில். நாற்பது நாள் எப்படியோ தாக்குப்பிடிக்கிறான். உயிர்ப்பு ஞாயிறு இரவே மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அயல் வீட்டுக்கு ஓடவேண்டி வருகிறது. அவன் மனம் மாறவில்லையா? மாறியது. பிறேக்கை மாற்றவில்லை.

எல்லை வேலிக்காகப் பல வருடம் முகம்பாராத சகோதரர் இருவர். மூத்தவர் பாவசங்கீர்த்தனத்தில் தம்பியை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். நல்லது. வழக்கு மட்டும் தவணைக்குத் தவணை நடந்துகொண்டே இருக்கிறது!

சக்கேயுவைப் பாருங்கள். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியோடு அவன் நின்றுவிடவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தான். இதயம் மாறிய அன்றே கணக்குப் புத்தகமும் மாறியது.

இன்னும் சிலர் எஞ்சினையே தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் சில துளி பெற்றோல். மற்ற ஆறு நாளும் மண்ணெண்ணெய். தடைக்காலத்தில் மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அருள் தடையின்றிக் கிடைக்கும்போது நமக்கு என்ன சாட்டு?

ஆகையால் இந்த வாரம் ஒருநாள் இரவு, செபமாலை முடிந்தபின் குடும்பமாகச் சற்றுநேரம் இருங்கள். நம் வீட்டில் எந்தப் பிறேக் பிடிக்கவில்லை என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பிள்ளைகளையும் சொல்லவிடுங்கள், அவர்களுக்குத் தெரியும். வீடு திரும்பும் வழியை மாற்றுவதா, சம்பளத்தை மனைவி கையில் கொடுப்பதா, வழக்கை மீளப் பெறுவதா, ஏதேனும் ஒன்றை அன்றே தீர்மானியுங்கள். புதிய இதயம் தந்த ஆண்டவர் அதைச் செய்து முடிக்கும் பலத்தையும் தந்து, உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.