உடைக்கக் கூடாத பழமும் உடைக்க வேண்டிய அப்பமும்



இந்த வாரம் புராணத்துல ஆரம்பிக்காம ஒரு சாப்பாட்டு மேஜையில ஆரம்பிக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரத்தில். டிசம்பர் 24 அன்று கூட வேலை செய்யும் நண்பன் வீட்டுக்குக் கூப்பிட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த நாளுக்கு அங்கே 'விகிலியா' என்று பெயர். நம்ம ஊர்ல கிறிஸ்துமஸ்னா கேக், பிரியாணி. அங்கே அன்றைக்கு இறைச்சி கிடையாது (மீன் உண்டு, முக்கியமா கெண்டை). வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. குழந்தைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சஷ்டி விரதத்தில் பசியோட கடிகாரம் பார்த்தவங்களுக்கு அந்த முகம் புரியும்.

மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல், இயேசு தொழுவத்தில் பிறந்த நினைவுக்கு. 12 வகை உணவு. பீட்ரூட் சூப், முட்டைகோஸும் காளானும் வைத்த பியெரோகி (நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி), கசகசா கேக் என்று சைவக்காரனான எனக்கே நிறைய இருந்தது. காலியா ஒரு நாற்காலி, அதுக்கு முன்னாடி ஒரு தட்டு. எனக்குத்தான்னு உட்காரப் போனேன். "உன்னைத்தான் கூப்பிட்டிருக்கோமே, உன் இடம் அங்கே. இது கூப்பிடாம வர்றவங்களுக்கு" என்றான் நண்பன்.

சாப்பிடும் முன் எல்லோர் கையிலும் ஒரு மெல்லிய வெள்ளை அப்பம். ஒப்வாதெக். வெறும் மாவும் தண்ணீரும்தான். என் அப்பத்தில் நீங்கள் ஒரு துண்டு உடைக்கணும், உங்களுடையதில் நான். உடைத்து, வாழ்த்திச் சாப்பிடணும். "மனசுல வருத்தம் இருந்தா அதை முதல்ல சரி பண்ணிக்கணும்" என்றான்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஊர் வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனோட பேசி 2 வருஷம் ஆச்சு. அப்பா திதிக்குக்கூட நான் போகலை. யாராவது கேட்டா, "பழனியாண்டவரும் பழத்துக்குக் கோபிச்சுக்கிட்டு மலையேறினவர்தானே"ன்னு சொல்லிச் சிரிப்பேன். சாமியையே சாட்சிக்கு இழுத்தவன் நான்.

பழனிக் கதை உங்களுக்குத் தெரியும். ஞானப்பழத்தை வெட்டக் கூடாது, பங்கு போடக் கூடாது. ஒருத்தருக்குக் கிடைத்தால் இன்னொருத்தருக்கு இல்லை. ஆனா கதையை நாம அங்கேயே நிறுத்திடுறோம். தினைப்புனத்தில் வள்ளியம்மை மசியாதபோது முருகன் யாரை அழைத்தார்? பழத்தை வாங்கிக்கொண்டு போன அதே அண்ணனைத்தான். "பழம் உனக்கு, யானை வேலை மட்டும் எனக்கா"ன்னு விநாயகர் கேட்கலை. யானையா வந்து நின்றார். சூரனை வென்ற வேலவன் அண்ணனைக் கூப்பிடக் கூச்சப்படலை. நான் யாருங்க?

புறப்படும்போது நண்பனின் அம்மா ஒரு உறையை எடுத்தார். தூரத்தில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒப்வாதெக்கைத் தபாலில் அனுப்புவது அங்கே வழக்கம். ஊர்ல எத்தனை பேர் என்று மகனை விட்டுக் கேட்டார். "அம்மா மட்டும்"னு சொல்லிட்டேன். ஒரே ஒரு அப்பம் வைத்துக் கொடுத்தார்.

வாசல் வரை வந்தேன். அன்றைக்கு மேகமே இல்லை. தலைக்கு மேல் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், நம்ம ஊர்ல தெரியுற அதே கொத்து. ஆறு தாயார் தனித்தனியா வளர்த்த பிள்ளைகளை உமையம்மை ஒரே அணைப்பில் சேர்த்தாளே, அது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, இன்னொன்று கேட்டு வாங்கினேன். அந்த அம்மா எதுவும் கேட்கலை.

டிராம் நிறுத்தத்தில் நின்றே போன் போட்டேன். ஒட்டன்சத்திரத்தில் மணி ராத்திரி பதினொன்றரை. முதல் மணியிலேயே எடுத்துட்டார்.

"தம்பி? என்னாச்சுப்பா? உடம்புக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்லண்ணே. இங்க ஒரு பண்டிகை. உனக்கு ஒரு அப்பம் அனுப்புறேன். அம்மாவும் நீயும் ஆளுக்கொரு துண்டு உடைச்சுச் சாப்பிடணும்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டார்:

"பொரிக்கணுமா, அப்படியே திங்கலாமா?"

முருகா சரணம்.